மாத்திரை உடைகிறதா, ஒட்டுகிறதா, கரைய மறுக்கிறதா? துணைப்பொருட்களிலிருந்து தேடுங்கள்

மாத்திரை அழுத்தும் மெஷினில் கோளாறு வந்தால் பெரும்பாலும் கை முதலில் போவது அழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ இருக்கும் பொத்தானுக்குத்தான். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். திரும்பத் திரும்ப அதே கோளாறுகளைச் சரிசெய்த பிறகுதான் ஒன்று பிடிபட்டது. பத்துக்கு ஏழெட்டு முறை காரணம் மெஷினில் இல்லை. ‘மருந்து வேலை எதுவும் செய்யாது’ என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் துணைப்பொருட்களில்தான் அது இருக்கும். அளவைக் கூட்டும் லாக்டோஸ், ஒட்ட வைக்கும் ஸ்டார்ச், பி.வி.பி. (பாலிவினைல்பைரோலிடோன்), வழுக்க வைக்கும் மெக்னீசியம் ஸ்டியரேட் என்று எதுவாகவும் இருக்கலாம். ஒன்று அளவு தவறியிருக்கும், அல்லது ஈரம் தவறியிருக்கும், அல்லது கலந்த நேரம் தவறியிருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன்

கோளாறான மாத்திரைகளில் ஐம்பதை எடுத்துத் தனியாக வையுங்கள். எத்தனை மணிக்கு எடுத்தது, எந்த டிரம்மில் இருந்த பவுடர் ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் டரட்டை, அதாவது அச்சுகள் பொருத்திய சுழலும் வட்டை, ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வரும் மாத்திரையைத் தனித்தனியாகப் பாருங்கள்.

ஒரே ஸ்டேஷனில் மட்டும் வந்தால் பன்ச் (பவுடரை அழுத்தும் கம்பி) அல்லது டையில் (பவுடர் நிரம்பும் துளையுள்ள அச்சு) கோளாறு. எல்லா ஸ்டேஷனிலும் வந்தால் பவுடரில் கோளாறு. தொடக்கத்தில் நன்றாக ஓடி, டிரம் தீரும் சமயத்தில் வந்தால் பவுடர் பிரிந்துவிட்டது. இந்தப் பத்து நிமிட வேலை பாதி நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீழே பல இடங்களில் ‘லூப்ரிகன்ட் (வழுக்க வைக்கும் பொருள்) அதிகம்’, ‘பைண்டர் (ஒட்ட வைக்கும் பொருள்) குறைவு’ என்று வரும். அதற்காகத் தயாரிப்புத் தளத்திலேயே ஒரு கைப்பிடி சேர்க்கவோ குறைக்கவோ கூடாது. அனுமதி பெற்ற ஃபார்முலாவில் ஒரு கிராம் மாறினாலும் அது தர உறுதிப் பிரிவின் ஒப்புதலோடு நடக்க வேண்டும். காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

அறிகுறி 1: மாத்திரையின் தலை கழன்று வருகிறது

தொப்பி மாதிரி மேல்பகுதி மட்டும் கழன்றால் கேப்பிங். நடுவில் ஏடு ஏடாகப் பிரிந்தால் லேமினேஷன். இரண்டுக்கும் தேடும் வழி ஒன்றுதான்.

மெஷினில் இருந்து வந்தவுடன் முழுசாகத் தெரியும் மாத்திரையை நம்ப வேண்டாம். இரண்டு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் விளிம்புகளைப் பிடித்து, பாட்டில் மூடியைத் திருகுவதுபோல் லேசாகத் திருகிப் பாருங்கள். கேப்பிங் தொடங்கியிருந்தால் விரலுக்கடியில் ஒரு சின்ன ‘டிக்’ தெரியும், தலை கழன்றுவிடும். ஃப்ரையபிலிட்டி டிரம்மில் (மாத்திரை உதிர்கிறதா என்று உருட்டிப் பார்க்கும் கருவி) நிமிடத்துக்கு 25 சுற்று வீதம் 4 நிமிடம், அதாவது 100 சுற்று ஓட்டினால் இன்னும் தெளிவாகத் தெரியும். எடை இழப்பு 1 சதவீதத்துக்குள் இருந்தாலும், டிரம்மில் ஒரு மாத்திரை பிளந்து கிடந்தால் அது தோல்விதான்.

முதலில் வேகம். டரட் வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஓட்டுங்கள்.

கேப்பிங் நின்றதா? அப்படியானால் பவுடருக்குள் மாட்டிய காற்று வெளியேற நேரம் கிடைக்கவில்லை. முன்அழுத்தத்தை (முழு அழுத்தத்துக்கு முன் கொடுக்கும் லேசான அழுத்தத்தை) கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். கூடவே சல்லடைப் பரிசோதனை செய்து, நன்றாக ஓடிய பழைய பேட்ச்சோடு ஒப்பிடுங்கள். நுண்தூள் அதிகமாக இருந்தால் காற்று மாட்டுவது இயல்பு. அதற்குக் காரணம் கிரானுலை (பைண்டரால் ஒட்டிய பவுடர் மணிகளை) அளவுக்கு மீறி அரைத்ததாக இருக்கலாம், பைண்டர் சரியாகப் பிடிக்காததாகவும் இருக்கலாம்.

நிற்கவில்லையா? அழுத்தத்துக்கு வாருங்கள். மாத்திரை உடைகிறதே என்று அழுத்தத்தைக் கூட்டுபவர்கள்தான் அதிகம். ஆனால் அழுத்தம் கூடக் கூட ஹார்ட்னஸ் (மாத்திரையின் கடினம்) ஓர் எல்லை வரைதான் ஏறும், அதற்கு மேல் இறங்கும். ஐந்து படியாக அழுத்தத்தை மாற்றி, ஒவ்வொரு படிக்கும் பத்து மாத்திரையின் ஹார்ட்னஸை எழுதுங்கள். எண்கள் ஏறி, பிறகு இறங்கினால் நீங்கள் உச்சத்தைத் தாண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். குறையுங்கள்.

அடுத்து ஈரம். கிரானுலின் எல்.ஓ.டி. (காய வைத்தால் குறையும் எடை, அதாவது ஈர அளவு) பாருங்கள். ஈரக் கிரானுலேஷனில் பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதத்துக்குள் வைப்பார்கள், ஆனால் உங்கள் தயாரிப்புக்கு எழுதியிருக்கும் வரம்புதான் கணக்கு. வரம்புக்குக் கீழே போய்விட்டால் பைண்டருக்கு ஒட்டும் சக்தி இருக்காது. இரவு ஷிஃப்டில் டிரையரை அரை மணி நேரம் கூடுதலாக ஓட விட்டால் மறுநாள் காலையில் கேப்பிங் வந்து நிற்கும்.

பைண்டர் எப்படித் தயாரானது என்பதையும் கேளுங்கள். எனக்கு மறக்கவே முடியாத ஒரு பேட்ச் உண்டு. எல்லா எண்ணும் சரி, மாத்திரை மட்டும் நிற்கவில்லை. கடைசியில் ஸ்டார்ச் பேஸ்ட் காய்ச்சிய பாத்திரத்தைப் போய்ப் பார்த்தோம். அடியில் வெள்ளை வெள்ளையாக முத்துப்போலக் கட்டிகள். ஒரு கட்டியை நசுக்கினால் உள்ளே காய்ந்த மாவு. பேஸ்ட் நன்றாக வெந்திருந்தால் பால்வெள்ளை மாறி, கண்ணாடி மாதிரிப் பாதி ஊடுருவித் தெரியும். வேகாத ஸ்டார்ச் பைண்டராக வேலை செய்யாது. எடை போட்ட கணக்கில் பைண்டர் முழுசாக இருந்தது, மாத்திரைக்குள் போய்ச் சேர்ந்தது பாதிதான். பி.வி.பி. என்றாலும் முழுவதும் கரைந்ததா என்று பார்க்க வேண்டும்.

பிறகு மெக்னீசியம் ஸ்டியரேட். எம்.சி.சி. (மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ்), ஸ்டார்ச் போன்றவை அழுத்தும்போது நசுங்கி ஒட்டுகிறவை. இவற்றைச் சுற்றி ஸ்டியரேட் படலம் படிந்தால் ஒன்றோடொன்று ஒட்டாது. டைகால்சியம் பாஸ்பேட், லாக்டோஸ் போன்றவை அழுத்தும்போது நொறுங்கிப் புது முகம் காட்டுவதால் இந்தத் தொல்லை அவற்றில் குறைவு. லூப்ரிகன்ட் கலந்த நேரத்தைப் பேட்ச் ரெக்கார்டில் பாருங்கள். விரிவாக 4ஆம் அறிகுறியில் சொல்கிறேன்.

டை. அழுத்தம் விழும் இடத்தில் டையின் உட்சுவர் தேய்ந்து வளையம்போல் குழி விழும். மாத்திரை அந்தக் குழியில் உருவாகி, குறுகலான வாய் வழியாக வெளியே வரும்போது தலை பிய்ந்துவிடும். டையைக் கழற்றி நகத்தால் உட்சுவரை வருடுங்கள். நகம் தட்டினால் தேய்ந்திருக்கிறது. சில டைகளைத் திருப்பிப் போட்டு இன்னொரு முனையைப் பயன்படுத்தலாம், இல்லையென்றால் மாற்ற வேண்டும். ஆழமான குழிமுகப் பன்ச்சிலும் கேப்பிங் அதிகம் வரும்.

எப்போது நிபுணரை அழைப்பது: வேகம், அழுத்தம், ஈரம், டை எல்லாம் சரியாக இருந்து, அடுத்தடுத்து மூன்று பேட்ச்சில் வந்தால் ஃபார்முலேஷன் குழுவை அழையுங்கள். பாராசிட்டமால் மாதிரி அழுத்தத்தை எடுத்தவுடன் திரும்ப விரியும் தன்மை உள்ள மருந்துகளுக்கு, பைண்டரையும் டைலூயண்டையும் (நிரப்பும் பொருளையும்) மாற்றி அமைக்காமல் தீர்வு கிடைக்காது.

அறிகுறி 2: பன்ச் முகத்தில் ஒட்டுகிறது

மெஷினை நிறுத்தி, டார்ச் அடித்து மேல் பன்ச், கீழ்ப் பன்ச் இரண்டின் முகத்தையும் பாருங்கள். முகம் முழுக்க மங்கலான படலமா? ஸ்டிக்கிங். எழுத்துகளின் உள்ளே மட்டும் அடைத்திருக்கிறதா? பிக்கிங்.

தொடங்கிய முதல் நிமிடத்திலிருந்தே ஒட்டினால் ஈரம் அல்லது லூப்ரிகன்ட். ஒரு மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் ஒட்டினால் சூடு.

ஈரத்தில் ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. மொத்த எல்.ஓ.டி. வரம்புக்குள் இருக்கும், ஆனாலும் ஒட்டும். பெரிய கிரானுலின் வெளித்தோல் சீக்கிரம் காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் அடைபட்டிருப்பதுதான் காரணம். பெரிய கிரானுல் ஒன்றை எடுத்து விரலால் நசுக்குங்கள். மாவாக உதிராமல் பிசுபிசுவென அப்பினால் சந்தேகம் சரி. சல்லடையில் பெரியதையும் சிறியதையும் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனியாக எல்.ஓ.டி. போட்டுப் பாருங்கள். கூடவே அறையின் ஈரப்பத அளவையும் பாருங்கள். வெளியே மழை பெய்யும் நாளில் மட்டும் ஒட்டுகிறது என்றால் பதில் அங்கேயே இருக்கிறது.

ஈரம் சரி என்றால், ஸ்டியரேட் சேர்த்தார்களா, சலித்துச் சேர்த்தார்களா என்று பாருங்கள். பையில் இருந்து நேராகக் கொட்டினால் அது கட்டி கட்டியாக நின்றுவிடும். 40 அல்லது 60 மெஷ்ஷில் சலித்திருக்க வேண்டும். டால்க், ஏரோசில் (மிக நுண்ணிய சிலிக்கா) இரண்டும் பன்ச் முகத்தில் ஒட்டுவதைத் தடுப்பதில் ஸ்டியரேட்டுக்குத் துணை நிற்பவை. ஃபார்முலாவில் அவை இருந்தால் அவற்றின் எடைக் குறிப்பையும் சரிபாருங்கள்.

அழுத்தம் மிகக் குறைவாக இருந்தாலும் ஒட்டும். மேற்பரப்பு இறுகாததால் பவுடர் பன்ச்சோடு போய்விடும். கேப்பிங்குக்கு நேர் எதிரான திருத்தம் இது: இங்கே கொஞ்சம் கூட்டிப் பார்க்க வேண்டும்.

சூடு என்று சந்தேகம் வந்தால், துடைத்துவிட்டு அரை மணி நேரம் ஆற விடுங்கள். மறுபடி ஓட்டும்போது சுத்தமாகத் தொடங்கி, அதே நேரக் கணக்கில் மீண்டும் ஒட்டினால் உறுதி. இபுப்ரோஃபென் 75 முதல் 78 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அந்த மாதிரி மருந்துக்கு உருகுநிலையைத் தொடாமலே மேற்பரப்பு இளகிவிடும். வேகத்தைக் குறையுங்கள், அறைக் குளிர்ச்சியைப் பாருங்கள்.

பிக்கிங் மட்டும் என்றால் எழுத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். ஏ, பி, ஆர் போன்ற ஆங்கில எழுத்துகளிலும் 6, 8, 9, 0 போன்ற எண்களிலும் மூடிய வளையம் இருக்கும். அந்த வளையத்துக்குள்தான் பவுடர் முதலில் தங்கும். முகத்தைப் பாலிஷ் செய்வது முதல் படி. குரோமியம் பூச்சு அடுத்த படி. எழுத்தின் ஆழத்தையும் சரிவையும் மாற்றிப் புதுப் பன்ச் செய்வது கடைசிப் படி, செலவும் அதிகம்.

டையில் இருந்து கீச்சென்று சத்தம் வருகிறது, மாத்திரையின் பக்கவாட்டில் நெட்டுக்குக் கீறல் தெரிகிறது என்றால் அது வேறு கதை. பன்ச் முகத்தில் ஒட்டவில்லை, டை சுவரில் பிடிக்கிறது. லூப்ரிகன்ட் போதவில்லை, அல்லது கீழ்ப் பன்ச்சுக்கும் டைக்கும் நடுவில் தூள் இறுகியிருக்கிறது. உடனே மெஷினை நிறுத்துங்கள். ஓட்டிக்கொண்டே பார்க்கலாம் என்று நினைத்தால் பன்ச்சின் தலையும் அதை ஏற்றி இறக்கும் கேமும் சேர்ந்து போகும். இங்கே மெஷின் இன்ஜினியரை அழைப்பதில் தயக்கமே வேண்டாம்.

அறிகுறி 3: எடை ஏறி இறங்குகிறது

இருபது மாத்திரையைத் தனித்தனியாக எடை போடுங்கள். பிரிட்டிஷ், இந்திய பார்மகோபியாக்களின் (மருந்துத் தர நூல்களின்) கணக்குப்படி சராசரி எடை 80 மில்லிகிராம் வரை என்றால் 10 சதவீதம், 80க்கு மேல் 250க்குக் கீழ் என்றால் 7.5 சதவீதம், 250ம் அதற்கு மேலும் என்றால் 5 சதவீதம் ஏற்ற இறக்கம் இருக்கலாம். இரண்டு மாத்திரைக்கு மேல் இதைத் தாண்டக் கூடாது. ஒன்றுகூட இதன் இருமடங்கைத் தாண்டக் கூடாது.

ஒரு ஸ்டேஷன் மட்டும் தாண்டினால் கீழ்ப் பன்ச்சின் நீளத்தை அளந்து பாருங்கள், இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லா ஸ்டேஷனும் ஆடினால் பவுடர் சரியாக ஓடவில்லை. 100 மில்லி அளவு ஜாடியில் பவுடரை மெதுவாக நிரப்பித் தட்டுங்கள். 100 மில்லி 85க்கு வந்து நின்றால் கார் இண்டெக்ஸ் (எத்தனை சதவீதம் அமுங்கியது என்ற எண்) 15, நன்றாக ஓடும். 75க்கு வந்தால் 25, தள்ளாடும். இந்த எண் அதற்கும் மேல் என்றால் பவுடர் கொட்டும் ஹாப்பரிலேயே பாலம் கட்டி நின்றுவிடும்.

பவுடர் ஓட உதவும் ஏரோசில் பொதுவாக 0.1 முதல் 1 சதவீதத்துக்குள்தான் போடுவார்கள். அது விட்டுப்போனதா, கட்டியாக நின்றதா என்று பாருங்கள். அளவுக்கு மேல் போனாலும் ஓட்டம் கெடும்.

துணைப்பொருளின் கிரேடையும் மறக்காமல் பாருங்கள். எம்.சி.சி.யில் 101 என்பது சுமார் 50 மைக்ரான், 102 என்பது சுமார் 100 மைக்ரான். இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே பெயர், பை லேபிளில் கடைசி இலக்கம் மட்டும் வேறு. நேரடி அழுத்தத்துக்கு 102 போட வேண்டிய இடத்தில் 101 போனால் ஓட்டம் கண் முன்னே குறையும். நான் முதலில் லேபிளைத்தான் பார்ப்பேன், ஜாடியை அப்புறம்தான் எடுப்பேன்.

எடை சரியாக இருந்து, மருந்தின் அளவு மட்டும் மாத்திரைக்கு மாத்திரை மாறினால் அங்கேயே நிறுத்துங்கள். பேட்ச்சைத் தனியாக ஒதுக்கி, தர உறுதிப் பிரிவிடம் ஒப்படைப்பது தவிர தளத்தில் செய்ய எதுவும் இல்லை.

அறிகுறி 4: மாத்திரை கரைய மறுக்கிறது

நோயாளியை நேராகத் தொடும் கோளாறு இது. உடைந்த மாத்திரையைக் கண்ணால் பார்த்தே ஒதுக்கிவிடலாம். கரையாத மாத்திரை அழகாக இருக்கும், பெட்டிக்குள் போய்விடும், வயிற்றுக்குள்ளும் போய்விடும்.

ஆறு மாத்திரையைச் சிதைவுச் சோதனைக் கருவியில் 37 டிகிரி தண்ணீரில் போடுங்கள். மேற்பூச்சு இல்லாத சாதாரண மாத்திரை 15 நிமிடத்துக்குள் சிதைய வேண்டும். நேரத்தை மட்டும் குறிக்காதீர்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். பத்தாவது நிமிடத்தில் ஒன்றை எடுத்து நடுவில் பிளந்து பாருங்கள்.

உள்ளே காய்ந்த வெள்ளைத் தூள் இருந்தால் தண்ணீர் நுழையவே இல்லை. வெளியே வழவழவென்று கூழ் படிந்திருந்தால் தண்ணீர் வந்தது, ஆனால் வழி அடைபட்டது. இரண்டு கிளையாகத் தேடுங்கள்.

உள்ளே காய்ந்திருந்தால்

ஹார்ட்னஸ் பாருங்கள். அதிகமாக இருந்தால் அழுத்தம்தான் காரணம், குறைத்துப் பாருங்கள். ஹார்ட்னஸ் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தும் கரையவில்லை என்றால் கவனம். மென்மையான மாத்திரை சீக்கிரம் சிதைய வேண்டும். மென்மையாகவும் இருந்து மெதுவாகவும் கரைந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஸ்டியரேட்டை அதிக நேரம் கலந்ததைத்தான். அது தண்ணீரை ஒட்டவிடாத பொருள். கலக்கக் கலக்க ஒவ்வொரு துகளையும் படலமாக மூடும். அந்தப் படலம் துகளோடு துகளை ஒட்டவிடாததால் மாத்திரை மென்மையாகிறது, தண்ணீரை விடாததால் கரையவும் மறுக்கிறது.

ஸ்டியரேட் வழக்கமாக 0.25 முதல் 1 சதவீதம்தான். கடைசியாகச் சேர்த்து, சில நிமிடங்கள் மட்டுமே கலக்க வேண்டும். ரெக்கார்டில் தொடங்கிய நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும் பாருங்கள். ‘மெஷின் தயாராக இல்லை, அதுவரை பிளெண்டர் சுற்றட்டும்’ என்று யாராவது விட்டார்களா என்று கேளுங்கள். திட்டாமல் கேட்டால் உண்மை வரும். பிளெண்டரில் நேரம் சரியாக இருந்தும் கோளாறு வந்தால் டைக்குள் பவுடரைத் தள்ளும் ஃபீட் ஃப்ரேமைப் பாருங்கள். அங்கே சுற்றும் துடுப்புகளும் கலக்கத்தான் செய்கின்றன. டரட் மெதுவாகவும் துடுப்பு வேகமாகவும் ஓடினால், பவுடர் அங்கேயே தங்கி மறுபடி மறுபடி ஸ்டியரேட் பூசிக்கொள்ளும்.

வெளியே கூழாக இருந்தால்

பைண்டர் அதிகமா என்று பாருங்கள். இல்லையென்றால் டிஸ்இன்டெக்ரன்ட்டை (தண்ணீரில் ஊதி மாத்திரையைச் சிதைக்கும் பொருளை) பாருங்கள். சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட் 2 முதல் 8 சதவீதம் வரை போடுவது வழக்கம். அதற்கு மேல் போனால் அதுவே கூழாகி வழியை அடைக்கும். சிதையவில்லையே என்று இன்னும் கொட்டினால் இன்னும் மெதுவாகும்.

டிஸ்இன்டெக்ரன்ட்டில் ஒரு பங்கைக் கிரானுலுக்கு உள்ளேயும் ஒரு பங்கை வெளியேயும் சேர்க்கும் ஃபார்முலாவாக இருந்தால், வெளிப்பங்கு உண்மையில் சேர்ந்ததா என்று பாருங்கள். விட்டுப்போவது பெரும்பாலும் அதுதான்.

தயாரித்த அன்று தேறி, சில மாதம் கழித்துத் தோற்றால் பெட்டிக்குள் ஈரம் போகிறது. டிஸ்இன்டெக்ரன்ட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஏற்கெனவே ஊதிவிட்டது, தண்ணீரில் போடும்போது அதனிடம் மிச்சம் இல்லை. பேக்கிங்கையும் கிடங்கையும் சோதியுங்கள்.

எப்போது நிபுணரை அழைப்பது: டிசொலூஷன் (மருந்து எவ்வளவு கரைகிறது என்ற சோதனை) தோற்றால் உடனே. ஸ்டியரேட்டுக்குப் பதில் சோடியம் ஸ்டியரில் ஃபியூமரேட் போடலாமா, டைலூயண்டை மாற்றலாமா என்பதெல்லாம் அவர்கள் சோதித்துச் சொல்ல வேண்டியவை. ‘நிரப்பும் பொருள்தானே’ என்று மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 1968இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது சாட்சி. வலிப்பு நோய்க்கான ஃபெனிடோயின் கேப்ஸ்யூலில் கால்சியம் சல்ஃபேட்டுக்குப் பதிலாக லாக்டோஸைப் போட்டார்கள். மருந்தின் அளவு மாறவில்லை. ஆனால் உடலுக்குள் சேர்ந்த அளவு கூடி, நோயாளிகளுக்கு நச்சு அறிகுறிகள் வந்தன. இந்த ஒரு சம்பவத்தைத்தான் புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் முதல் நாளே சொல்கிறேன்.

அறிகுறி 5: நிறம் மாறுகிறது, புள்ளி விழுகிறது

கறுப்புப் புள்ளி என்றால் மேல் பன்ச்சில் இருந்து எண்ணெய் சொட்டுகிறதா என்று பாருங்கள். எண்ணெய்த் தடுப்புக் கிண்ணத்தை மாற்றினால் போதும்.

நிறம் திட்டுத்திட்டாக இருந்தால், நீரில் கரையும் சாயம் காயும்போது ஈரத்தோடு மேலே ஏறிவந்திருக்கிறது. டிரேயில் கிரானுலைக் கிளறிவிட்டு, குறைந்த சூட்டில் காய வையுங்கள். தொடர்ந்தால் கரையாத லேக் வகை நிறமிக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

வெள்ளை மாத்திரை மாதக்கணக்கில் மெல்லப் பழுப்பாகிறதா? ஃபார்முலாவில் லாக்டோஸ் இருக்கிறதா, மருந்து அமீன் வகையா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்தால் ரொட்டி சிவக்கும் அதே வினை மெதுவாக நடக்கும். ஃபுளூவாக்ஸெடினும் லாக்டோஸும் சேரும்போது இது நடப்பது தெரிந்த விஷயம். ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் ஆஸ்பிரின் ஈரத்தில் சிதைகிறது. மெக்னீசியம் ஸ்டியரேட் அதை வேகப்படுத்தும், அதனால் ஆஸ்பிரினுக்கு ஸ்டியரிக் அமிலம் நல்லது. இந்த இரண்டும் தளத்தில் சரிசெய்யும் கோளாறுகள் அல்ல. பேட்ச்சை நிறுத்தித் தகவல் கொடுங்கள்.

அறிகுறி 6: விளிம்பு உதிர்கிறது, எழுத்து இரட்டையாக விழுகிறது

விளிம்பு உதிர்ந்தால் முதலில் பன்ச்சின் ஓரம் கொக்கிபோல் வளைந்திருக்கிறதா என்று நகத்தால் பாருங்கள். இல்லையென்றால் 1ஆம் அறிகுறியில் சொன்ன ஈரமும் பைண்டரும். எழுத்து இரட்டையாக விழுந்தால் பன்ச் தன் இடத்தில் சுழல்கிறது. துணைப்பொருளுக்கு இதில் பங்கு இல்லை, மெஷின் ஆளைக் கூப்பிடுங்கள்.

நிபுணர் வரும்போது கையில் இருக்க வேண்டியவை

தனியாக எடுத்து வைத்த ஐம்பது மாத்திரை, நேரக் குறிப்போடு. நன்றாக ஓடிய முந்தைய பேட்ச்சின் மாத்திரை ஒரு கைப்பிடி. இரண்டு பேட்ச்சிலும் போன ஒவ்வொரு துணைப்பொருளின் லாட் எண், கிரேடு, தயாரிப்பாளர். எல்.ஓ.டி. அளவும், லூப்ரிகன்ட் கலந்த நிமிடங்களும். சலிக்காத பவுடர் அரைக் கிலோ, இறுக்கமாக மூடிய பையில். இரண்டு பேட்ச்சின் லாட் எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எந்த வரியில் எண் மாறியிருக்கிறதோ அங்கே ஒரு வட்டம் போட்டு வையுங்கள். வந்தவரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தக் காகிதம்.